அழுக்குத் தண்ணீரில் அழுகாத தோல்

தவளை என்றால் எனக்குப் பித்து. சித்தூரில் கட்டமஞ்சி ஏரிப் பக்கம், சந்திரகிரி வயல்களுக்கு நடுவே தேங்கும் குட்டைகள், திருப்பதியில் கபில தீர்த்தத்தை ஒட்டிய மலையடிவாரம் என்று எங்கே மழைத்தண்ணீர் நின்றாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மதகுப் பக்கம் காவலிருந்த பெரியவர் ஒருவர், "ஏம்பா, பாம்பு நடமாடுற நேரத்துல கப்பய பாத்துக்கிட்டு நிக்கிறியே!" என்று அதட்டினார். "இதவிடப் பெரிய அதிசயம் இந்த ஏரியில இல்லீங்க தாத்தா" என்றேன். இன்று கேட்டாலும் என் பதில் அதேதான்.

முதல் பெருமழைக்குப் பிறகு வெளிவரும் காளைத் தவளையைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சாதாரண நாட்களில் மங்கிய பச்சையாகக் கிடக்கும் ஆண் தவளை அன்று எலுமிச்சை மஞ்சளாக மாறி நிற்கும். கத்தும்போது தொண்டையின் இரு பக்கமும் கருநீலப் பைகள் உப்பி எழும். முதுகில் நீளவாக்கில் ஓடும் தோல் மடிப்புகளில் டார்ச் வெளிச்சம் பட்டால் ஈரம் மின்னும். அந்த மினுமினுப்பிலிருந்து கண்ணை எடுக்கவே முடியாது! அது உட்கார்ந்திருக்கும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். எருமை புரண்ட சேறு, சாணம், மக்கிய வைக்கோல், யாரோ வீசிய சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் அதில் உண்டு. காலில் சின்னக் கீறலோடு அதில் நான் இறங்கினால் சீழ் வைத்துவிடும். அந்த மஞ்சள் ராஜாவோ எதிரியோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டுவிட்டு அதே சேற்றில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

தவளை தோலால்தான் தண்ணீர் குடிக்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகவே நடக்கிறது. அதற்காகத் தோல் மெல்லியதாக, எப்போதும் ஈரமாக இருந்தாக வேண்டும். செதிலோ முடியோ கிடையாது. கிருமிகள் குடியேற இதைவிட வசதியான இடம் வேறென்ன? ஆனாலும் தவளை அழுகுவதில்லை. தோலில் பரவியிருக்கும் நுண்சுரப்பிகள் கிருமி கொல்லும் பெப்டைடுகளை, அதாவது மிகக் குட்டையான புரதத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. பயமோ காயமோ ஏற்பட்டால் அவை பிதுங்கி வெளியே வந்து தோலை மூடிக்கொள்கின்றன.

இதை உலகமே கவனிக்க வைத்தவர் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த மைக்கேல் சாஸ்லாஃப். ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்க நகத்தவளைகளின் வயிற்றைக் கீறி, தைத்து, மறுபடியும் கலங்கிய தொட்டித் தண்ணீரிலேயே விட்டுவந்தார். ஒரு தையலும் சீழ் பிடிக்கவில்லை. ஏன் என்று தேடி 1987-ல் அவர் அந்தத் தோலில் கண்டெடுத்த பெப்டைடுதான் மகைனின். அதே 1987-ல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. நம் காளைத் தவளைகளை டன் கணக்கில் வெட்டி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தடையை நினைக்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது!

2001-ல் ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் நாகராஜ், சீதாராம் ஆகியோரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. எடுத்துக்கொண்ட தவளை எது தெரியுமா? இதே காளைத் தவளைதான்! அட்ரினலின் கொடுத்துத் தோலைச் சுரக்கவைத்து, அந்தச் சுரப்பிலிருந்து நான்கு புதிய பெப்டைடுகளைப் பிரித்தார்கள். அப்போது அந்தத் தவளைக்கு ரானா டைகரினா என்று பெயர். அதை வைத்து இவற்றுக்கு டைகரினின் என்று பெயரிட்டார்கள். மகைனினில் 23 அமினோ அமிலங்கள். டைகரினினில் வெறும் 11 அல்லது 12! மகைனின் போன்றவை சுருள் வடிவம் எடுப்பவை. டைகரினின் சுருளுவதில்லை. அதில் உள்ள சிஸ்டீன் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் கந்தகப் பிணைப்பால் கை கோத்து ஒரு வளையத்தை உண்டாக்குகின்றன. இதே அளவுள்ள வளையம் அதுவரை தெரிந்த தவளைப் பெப்டைடுகளில் இல்லை. இவ்வளவு சிறிய ஒன்று பாக்டீரியாவின் சவ்வையே ஓட்டையாக்கிக் கொல்கிறது என்பதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எப்படி ஓட்டையாக்குகிறது? பாக்டீரியாவின் மேற்சவ்வு எதிர்மின் ஏற்றம் கொண்டது; பெப்டைடு நேர்மின் ஏற்றம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. விலங்குச் செல்களின் வெளிப்புறம் பெரும்பாலும் நடுநிலையானது, கொலஸ்ட்ராலும் கலந்தது. அதனால் பெப்டைடு அங்கே அவ்வளவாக ஒட்டாது. வழக்கமான ஆன்டிபயாடிக் பலவும் பாக்டீரியாவின் ஏதோ ஒரு புரதத்தைக் குறிவைக்கும். அந்தப் புரதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு பாக்டீரியா தப்பிவிடும். சவ்வையே மாற்றிக்கொள்வது அத்தனை சுலபமில்லை.

பரிணாமம் இதை எப்படிச் செதுக்கியது என்பது இன்னும் சுவாரசியம். தென்னமெரிக்க மரத்தவளைகளிலும் ரானா வகைத் தவளைகளிலும் இந்தப் பெப்டைடுகளை உருவாக்கும் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெப்டைடு முதலில் நீளமான முன்வடிவமாக உருவாகிறது. சுரப்பிக்குப் போய்ச் சேர வழிகாட்டும் அதன் முன்பகுதி இனத்துக்கு இனம் அதிகம் மாறவில்லை. கடைசியில் இருக்கும் ஆயுதப் பகுதி மட்டும் தறிகெட்ட வேகத்தில் மாறியிருக்கிறது. உறையின் மேல் அதே முகவரி, உள்ளே தடவைக்குத் தடவை புதுக் கடிதம்! மரபணு இரட்டிப்பாகி, ஒரு பிரதி பழைய வேலையைப் பார்க்க, இன்னொன்று புதிய கிருமிக்குப் புதிய ஆயுதமாகிறது. இதில் ஹார்மோன்களும் தப்பவில்லை. தன்னைத் தின்ன வரும் விலங்குக்குக் குமட்டலை உண்டாக்கும் செருலின் என்ற நஞ்சு ஆப்பிரிக்க நகத்தவளையிலும் உண்டு, ஆஸ்திரேலிய மரத்தவளையிலும் உண்டு. செரிமான ஹார்மோன் மரபணுக்களிலிருந்து அவை தனித்தனியாக அதே நஞ்சை எட்டியிருக்கின்றன என்று 2010-ல் காட்டினார்கள். இரண்டு கண்டங்கள், இரண்டு பாதைகள், ஒரே மூலக்கூறு. படிக்கும்போதே சிலிர்க்கிறது!

எல்லாத் தவளைக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் வீட்டு வாசல் விளக்கடியில் பூச்சி பிடிக்கும் தேரையின் குடும்பத்தில் இத்தகைய பெப்டைடுகள் அரிது. கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் இதயத்தைத் தாக்கும் வேறு வகை நஞ்சை அது வைத்திருக்கிறது. அது அதன் வழி, பிழைத்தும் நிற்கிறது.

தவளையைக் காக்கும் பெப்டைடுகள் நமக்கும் உதவலாம். கேரளத் தவளை ஒன்றின் தோலில் கிடைத்த உருமின் என்ற பெப்டைடு, எச்1 வகை ஃப்ளூ வைரஸ்களை அழிக்கிறது என்று 2017-ல் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தினரும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தினரும் அறிவித்தார்கள். டைகரினினின் உறவான இன்னொரு பெப்டைடு, கிழக்காசியத் தவளையில் கிடைத்தது, இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது என்று 2011-ல் தெரிந்தது. கிருமி கொல்லியைத் தேடிப் போனவர்களுக்கு நீரிழிவுக்கான ஒரு துப்பு!

நீங்களும் போய்ப் பாருங்கள். கோடை முடிந்து முதல் பெருமழை கொட்டிய இரவுதான் சரியான நேரம். ஊருக்கு வெளியே தண்ணீர் தேங்கிய வயல் எதுவானாலும் போதும், சேஷாசலம் காட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், பெரியவர் சொன்ன பாம்பு நிஜம். டார்ச்சை நேராகக் கண்ணில் அடிக்காதீர்கள். கையில் தொடவே வேண்டாம். கொசுவுக்குத் தடவிய களிம்பும் சோப்பும் அந்தத் தோல் வழியே நேராக உள்ளே போய்விடும். கிருமிக்கு எதிராக அத்தனை ஆயுதம் வைத்திருக்கும் தவளைக்கு அதைத் தடுக்க எதுவும் கிடையாது.