செடியை முதலில் வாங்குங்கள், மீன் அப்புறம்

மீன் தொட்டி வைக்கப் போகிறேன், என்ன மீன் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் செடியைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் இரண்டடித் தொட்டியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். அதில் ஓடுகிற கப்பிகள் அழகுதான். ஆனால் வருகிறவர்களின் கண் முதலில் போய் நிற்பது பின்னால் அசைந்துகொண்டிருக்கும் பச்சைத் திரையில். கிட்டப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "நிஜச் செடியா இது?" என்பார்கள். நிஜம்! கேஸ் சிலிண்டர் கிடையாது, பல ஆயிரம் ரூபாய் விளக்கு கிடையாது. சென்னையின் சாதாரண போர் தண்ணீரில் இப்படி வளர்கிறது.

அந்தத் திரை வாலிஸ்னேரியா. கடையில் வாலிஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நாடா மாதிரி நீண்ட இலை, நீர்மட்டம்வரை வந்து மடங்கி ஓட்டத்தோடு மிதக்கும். கெட்டிலில் வெள்ளையாக உப்புப் படியவைக்கும் நம் கடினத் தண்ணீரைப் பார்த்துச் சில செடிகள் முகம் சுளிக்கும், வாலிஸுக்கோ அது விருந்து. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தனக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும் திறமை அதற்கு உண்டு. நடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வேர் மட்டும் மண்ணுக்குள், குருத்து வெளியே. கொஞ்ச நாளில் ஜல்லிக்கு அடியில் ஓடுதண்டு விட்டு, வரிசையாகக் குட்டிகளை எழுப்பிக்கொண்டே போகும். இரண்டு கட்டு வாங்கினால் போதும், பின்சுவர் முழுக்க அதுவே நிரப்பிவிடும்.

இந்தச் செடிக்குப் பெரிய சரித்திரமும் இருக்கிறது. 1850ல் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியாவையும் வைத்து, தண்ணீரை மாற்றாமலே மீன் வாழ முடியும் என்று கெமிக்கல் சொசைட்டிக்கு எழுதிக் காட்டினார். பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியபோது அவர் நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்று தொட்டியைத் தெளியவைத்தன. செடி, மீன், நத்தை மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன உலகம் தானே நடக்கும் என்று அன்றைக்கே கண்டுகொண்டார் மனிதர். என் தொட்டியில் நத்தையைக் கண்டு யாராவது அருவருத்தால் எனக்குக் கோபமே வரும்.

வாரிங்டன் பார்த்ததற்கான விளக்கம் இப்போது நமக்குத் தெரியும். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரம் ஆகும், புது மீன்கள் கொத்துக் கொத்தாகச் சாவது அந்த இடைவெளியில்தான். வேகமாக வளரும் செடி இருந்தால் அது அம்மோனியாவை நேராகவே உறிஞ்சிவிடும். அதனால்தான் செடி முதலில், மீன் அப்புறம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அந்த வேலைக்கு ஹார்ன்வொர்ட்டை மிஞ்ச ஆளே இல்லை. வேரே கிடையாது, நட வேண்டாம், தண்ணீரில் போட்டால் போதும். கப்பி குட்டி போட்டால் ஒளிந்து பிழைக்க அதைவிட நல்ல புதர் இல்லை. தண்ணீர் மாற்றிய அன்று விளக்கு எரிந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆனதும் அதன் பக்கத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். ஊசி ஊசியான ஒவ்வோர் இலை நுனியிலும் ஒரு வெள்ளிப் பொட்டு உருளும், பெருக்கும், கழன்று மேலே போகும். தண்டு எங்காவது ஒடிந்திருந்தால் அந்த இடத்திலிருந்து குமிழ்கள் நூல் பிடித்தாற்போல ஏறிக்கொண்டே இருக்கும். அத்தனையும் ஆக்சிஜன்! பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கை என்று படம் போட்டுப் பாகம் குறித்தோமே, அது கண்ணெதிரே நடக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் திகட்டவில்லை.

முன்வரிசைக்கு அனுபியாஸ். மேற்கு ஆப்பிரிக்க ஓடைகளில் பாறையையும் மரக்கட்டையையும் பிடித்துக்கொண்டு வளர்கிற செடி. கரும்பச்சை இலை, தொட்டால் தோல் போல அழுத்தமாக இருக்கும், இலையைக் கடிக்கும் மீன்கள்கூட அதை விட்டுவிடும். இஞ்சி போல ஒரு தண்டு படுக்கையாக ஓடும். அதை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ டிரிஃப்ட்வுட்டிலோ நூல் கொண்டு கட்டுங்கள், அல்லது ஒரு சொட்டு ஃபெவிக்விக் வைத்து ஒட்டுங்கள். காய்ந்தபின் அந்தப் பசையால் மீனுக்குக் கெடுதல் இல்லை. வளர்ச்சி மெதுவோ மெதுவு. அதனால் நேர் வெளிச்சத்தில் வைத்தால் இலைமேல் பாசி படிந்துவிடும், வாலிஸ் நிழலில் வையுங்கள். ஜாவா ஃபெர்னுக்கும் இதே வைத்தியம்தான். அதன் பழைய இலையின் நுனியிலும் ஓரத்திலும் குட்டிச் செடிகள் முளைக்கும், இத்தனூண்டு வேரோடு! கிள்ளி இன்னொரு கல்லில் கட்டினால் புதுச் செடி தயார்.

என் மனம் முழுவதும் கொள்ளைபோனது கிரிப்ட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கிரிப்டோகொரைனிடம். உலகமெங்கும் தொட்டிகளில் வளரும் கிரிப்டோகொரைன் வென்ட்டியை இயற்கையில் பார்க்க வேண்டுமானால் இலங்கை ஓடைகளுக்குத்தான் போக வேண்டும். அதன் உறவுக்காரச் செடிகள் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலும் உண்டு. செம்பழுப்பு, ஆலிவ், பச்சை என்று ஒரே செடி வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறம் காட்டும். கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் இதை முதலில் வாங்கும்போது, "அண்ணே, இதுக்கு சிஓடூ வைக்கணுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம் தம்பி. நட்டுட்டு கை வைக்காம விட்டீங்கன்னா போதும்" என்றார் கடைக்காரர். கிரிப்ட் வளர்ப்பு பற்றி நான் கேட்டதிலேயே சிறந்த அறிவுரை அது. இடம் மாறியதும் இந்தச் செடியின் இலைகள் கண்ணாடி மாதிரி வெளிறி, கூழாகக் கரைந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். அடியில் வேர் உயிரோடு இருக்கும். கரைந்ததை மட்டும் அள்ளிவிட்டு, வேர்ப்பக்கம் ஒரு ரூட் டேப் உரத்தைச் செருகிவிட்டுக் காத்திருந்தால், சில வாரத்தில் சுருட்டிய புது இலை ஜல்லியைத் தள்ளிக்கொண்டு வரும்.

கடையில் செடி பொறுக்கும்போது வேர் வெள்ளையாக இருக்கிறதா, தண்டு கெட்டியாக இருக்கிறதா, நாற்றம் அடிக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்குள் வாழவே முடியாத செடிகளும் தொட்டிச் செடி என்று விற்பனைக்கு வருகின்றன. லக்கி பாம்பு அதில் ஒன்று, வெள்ளை வரியோடிய இலைச் செடிகளில் பெரும்பாலானவை அந்த ரகம். மாதக்கணக்கில் மெல்ல அழுகும். வாலிஸையும் ஹார்ன்வொர்ட்டையும் தண்ணீரிலிருந்து தூக்கினால் துவண்டு தொங்கும், அது நல்ல அடையாளம். அனுபியாஸ் மட்டும் விறைத்து நிற்கும், பயப்பட வேண்டாம்.

பராமரிப்பு சொற்பம். சாதாரண எல்இடி விளக்கு, தினம் ஆறிலிருந்து எட்டு மணி நேரம், டைமர் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. ஜன்னல் வெயில் படும் இடம் வேண்டாம், தண்ணீர் பச்சையாகிவிடும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால் ஆன்டி குளோரின் சொட்டு அவசியம். மே மாதத்தில் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டும்போது மூடியைத் திறந்து ஒரு சின்ன மின்விசிறியை நீர்மட்டத்தின்மேல் திருப்பிவிட்டால் ஓரிரு டிகிரி இறங்கும்.

வெட்டிய தண்டுகளை மட்டும் ஏரியிலோ சாக்கடையிலோ போட்டுவிடாதீர்கள். 1950களின் தொடக்கத்தில் தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போன ஹைட்ரில்லா, அங்கே நீர்நிலைகளை அடைத்துக்கொண்டு பெரிய தலைவலியானது. கோழிக்கோடு பக்கம் ஆவளப்பாண்டியில் 2020ல் இளஞ்சிவப்புப் பூ பூத்து ஊரையே கூட்டிய கபோம்பாவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த தொட்டிச் செடிதான். என் வீட்டு மல்லிகைத் தொட்டிக்கு ஹார்ன்வொர்ட் தான் உரம், நன்றாகப் பூக்கிறது. மிச்சத்தைப் பையில் தண்ணீரோடு கட்டி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்து நீர்ப்பிரமி. வயல் வரப்பிலும் குளக்கரையிலும் தானாகப் படரும் நம் ஊர் மூலிகை, தொட்டிக்காரர்கள் பக்கோப்பா என்று விலை கொடுத்து வாங்குவதும் அதையேதான். தண்ணீருக்கு மேலே வளர்ந்த தண்டை நுனி கிள்ளி நட்டால், பழைய இலை உதிர்ந்து தண்ணீருக்கு ஏற்ற புது இலை விடும். கிராப்புக் கத்தரித்த மாதிரி ஒரு புதர் வலது மூலைக்குத் தேவைப்படுகிறது. இடம் ஒதுக்கியாகிவிட்டது.