நீலத்துக்கு ஏற்ற தாள்

சயனோடைப் அச்சைப் பார்க்கிறவர்கள் முதலில் அதன் நீலத்தைத்தான் பேசுவார்கள். என் கண் போவது வெள்ளைக்கு. மருந்து பூசிய தாளில் பன்னீர் திராட்சை இலை ஒன்றை வைத்து, மேலே கண்ணாடியை அழுத்தி, கம்பத்து வெயிலில் காட்டுங்கள். ஒளி பட்ட இடம் நீலமாகும். இலை மறைத்த இடத்து மருந்து தண்ணீரில் கரைந்து போய்விடும். இலை என்று நாம் ரசிப்பது வெறும் தாளைத்தான். தாளின் நிறமும் இழையும் மேடுபள்ளமும்தான் அந்த இலைக்கு உடம்பு.

ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறை இது. மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படி அச்செடுத்துப் புத்தகமாக்கத் தொடங்கிவிட்டார். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற அதே இரண்டு உப்புகள்தான் இன்றைக்கும். 100 மில்லி தண்ணீருக்கு முன்னது 25 கிராம், பின்னது 10 கிராம் எனத் தனித்தனியாகக் கரைத்து, பூசும் நேரத்தில் சரிபாதியாகக் கலந்தால் போதும்.

மருந்து எளிது, தாள்தான் பாடு. இந்த நீலத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது, காரம் பட்டால் வெளுத்துவிடும். ஆனால் நெடுநாள் கெடாமல் இருக்கட்டும் என்று விலை உயர்ந்த தாள்களில் பலவற்றில் கால்சியம் கார்பனேட்டைச் சேர்த்திருப்பார்கள். அமிலம் இல்லாதது என்று உறையில் போட்டிருப்பது நமக்குப் போதாது. ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். குமிழி கிளம்பினால் அந்தத் தாள் வேண்டாம்.

என் விருப்பம் பருத்திக் கைத்தாள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ஆலை 1959 முதல் செய்துவரும் வகை. கைத்தாளில் பசை குறைவாக இருந்தால் மருந்து அடிவரை இறங்கி, படம் மங்கிப் புதைந்துவிடும். அதற்கு மெல்லிய ஜெலட்டின் கரைசலில் ஒருமுறை நனைத்து உலர்த்தலாம். பசை மிஞ்சினாலோ மருந்து மேலேயே நின்று, கழுவும்போது நீலமாக வழிந்தோடும்.

பூசும்போது பிரஷில் இரும்புப் பூண் கூடாது. சாதாரண குண்டு பல்பின் வெளிச்சம் போதும். முதலில் நீளவாக்கில், உடனே குறுக்கில், கை அழுத்தாமல் இழுக்க வேண்டும். மஞ்சள் கலந்த பச்சை ஈரம் மினுங்கி, மெல்ல மெல்ல மங்கும். எங்கும் குட்டை கட்டாமல் ஒரே சீராக மங்கினால், அந்தத் தாளை நம்பலாம். தேனிப் பக்கம் ஆடிக்காற்று அடிக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பூச வேண்டும். இல்லாவிட்டால் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போவதற்குள் காய்ந்து, பிரஷ் போன தடம் கோடாக நிற்கும்.

இலையில் நான் தேடுவது தளிர். முற்றிய இலை தட்டையான வெள்ளை உருவாக முடிந்துவிடும். தளிரோ ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடும். நரம்புகள் வெள்ளையாகவும் இடைப்பட்ட சதை வெளிர்நீலமாகவும் விழும். பந்தலில் பறித்த இலையைக் கழுவித் துடைத்த பிறகே வைக்க வேண்டும். பூஞ்சைக்கு அடிக்கும் போர்டோ கலவையிலும் சுண்ணாம்பு இருக்கிறது.

அலசுவதற்கு உப்புத் தண்ணீர் வரும் போர்வெல்லைவிட மழைத்தண்ணீர் மேல். கிடைக்காவிட்டால் முதல் அலசில் சில சொட்டு வினிகர் சேர்க்கலாம். சட்டம் போடுகிறவரிடமும் பின்னட்டையில் சுண்ணாம்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.