கறுத்த வானமும் பொய்க்காத நிலாவும்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் (1902-1984) எடுத்த ‘நிலா உதயம், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ’ என்னும் கறுப்பு வெள்ளைப் படம் உலகப் புகழ் பெற்றது. கீழே ஒரு சிற்றூர். மண்ணால் கட்டிய தேவாலயம். கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் மாலை வெயிலில் வெள்ளையாகப் பளிச்சிடுகின்றன. தொலைவில் பனி மூடிய மலைகள். அவற்றின் மேல் மேகப் பட்டை. படத்தின் மேற்பாதி முழுவதும் கரிய வானம். அதில் சிறியதாய் ஒரு நிலா. பார்த்தவர் மனத்தை விட்டு எளிதில் அகலாத காட்சி இது. ஆனால் இயற்பியல் படிக்கும் நாம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். இதில் இயற்கை காட்டியது எவ்வளவு? கலைஞர் சேர்த்தது எவ்வளவு?

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். சாமா பள்ளத்தாக்கிலிருந்து சான்டா ஃபே நகரத்துக்குக் காரில் திரும்பும் வழியில் ஆடம்ஸ் இக்காட்சியைக் கண்டார். வண்டியை நிறுத்திப் பெரிய காமிராவை அவசரமாகப் பொருத்தினார். ஒளியளவி அகப்படவில்லை. வெயிலோ சில நொடிகளில் மறையப் போகிறது. அப்போது அவருக்குக் கைகொடுத்தது நிலாவின் ஒளிர்வு: சதுர அடிக்கு 250 கேண்டில். இந்த எண் அவருக்கு மனப்பாடம். நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறைதானே! சூரியனிலிருந்து அதன் தொலைவும் ஏறத்தாழ நம்முடைய தொலைவே.

அவர் போட்ட கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். பிலிமின் வேக எண் 64. அதன் வர்க்கமூலம் 8. அவருடைய விதிப்படி, வில்லையின் துளை எஃப்-8 அளவில் இருந்தால், 250 கேண்டில் ஒளிர்வுள்ள பொருள் 1/250 நொடியில் நடுத்தரச் சாம்பல் நிறமாகப் பதியும். நிலா வெளுப்பாகத் தெரிய நான்கு மடங்கு ஒளி வேண்டும். ஆக 1/60 நொடி. வில்லையின் முன் வைத்த மஞ்சள் வடிகட்டிக்காக மூன்று மடங்கு. ஆக 1/20 நொடி. துளையை எஃப்-32 அளவுக்குச் சுருக்கினால் அதன் விட்டம் நான்கில் ஒன்றாகும். பரப்பு பதினாறில் ஒன்றாகும். எனவே 16/20 நொடி, அதாவது சற்றேறக்குறைய ஒரு நொடி. ஒரு நொடியே அவர் கொடுத்தார். அடுத்த படத்துக்குப் பிலிமைத் திருப்புவதற்குள் சிலுவைகள் மீதிருந்த வெயில் போய்விட்டது.

இனிக் குறைக்கு வருவோம். வெயில் இன்னும் சிலுவைகள் மீது விழும் நேரத்தில் வானம் கறுத்திருக்குமா? இருக்காது. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 450 நானோமீட்டர் நீல ஒளி 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப்போல் நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறும். மஞ்சள் வடிகட்டி இந்த நீலத்தைத் தடுப்பதால் படத்தில் வானம் சற்றுக் கருமை பெறும். ஆனால் முழுக் கறுப்பாகிவிடாது. அந்தக் கறுப்பு பிறந்த இடம் இருட்டறை. 1948-இல் நெகடிவின் கீழ்ப்பகுதியை இரசாயன முறையில் அவர் வலுப்படுத்தினார். ஒவ்வொரு பிரதியிலும் வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி காட்டிக் கறுக்க வைத்தார். தொடக்கக் காலப் பிரதிகளில் வானம் வெளிறி, மெல்லிய மேகக் கீற்றுகளோடு காணப்படும். பிற்காலப் பிரதிகளில் அந்தக் கீற்றுகள் இருளில் மூழ்கிவிட்டன.

ஆடம்ஸ் இதை மறைத்தவர் அல்லர். பியானோ பயின்ற அவர், நெகடிவை இசைக் குறிப்புக்கும் பிரதியைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர். அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். தரையில் வெயில், தலைக்கு மேல் கறுத்த வானம்: இத்தகைய பகற்காட்சி காற்றே இல்லாத நிலாவில்தான் உண்டு. மாலையை மாலையாக்கும் காற்றையே பிற்காலப் பிரதிகள் துடைத்துவிட்டன. கம்பீரம் கூடியது; ஊர் குறைந்தது. ஆகவே தொடக்கப் பிரதிகளே சிறந்தவை என்பது என் கருத்து.

எனினும் எந்த இருட்டறை வேலையும் மாற்றாத ஒன்று இப்படத்தில் உண்டு. எடுத்த நாளை ஆடம்ஸ் குறித்து வைக்கவில்லை. 1940 முதல் 1944 வரை வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லி வந்தார். மலைகளுக்கு மேல் நிலா நின்ற இடத்தையும் அதன் பிறை அளவையும் கொண்டு வானியலார் டேவிட் எல்மோர் கணக்கிட்டு, 1941 அக்டோபர் 31 என்றார். பின்னர் டென்னிஸ் டி சிக்கோ காமிரா நின்ற இடத்தை இன்னும் திருத்தமாகக் கண்டு, 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று 1991-இல் வெளியிட்டார். எடுத்தவர் நினைவில் இல்லாத நாள் படத்தில் இருந்தது!

ஆகவே இயற்கைக் காட்சிப் படம் ஒன்றைச் சான்றாகக் கொள்ளும்போது, எது எங்கே இருக்கிறது என்பதை நம்புங்கள். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பதை ஐயத்தோடு பாருங்கள். இன்று கைபேசியும் நம்மைக் கேளாமலே வானத்தின் நிறத்தை மாற்றிவிடுவதால், இந்த எச்சரிக்கை முன்னிலும் தேவையாகிறது.

சோதனை ஒன்றும் சொல்கிறேன். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, சூரியன் மறையச் சற்று முன்னர், வெளியே சென்று கிழக்கே பாருங்கள். நிலா ஏற்கனவே எழுந்து நன்கு மேலே நிற்கும். உதயம் என்ற பெயர் இப்படத்துக்கு முழுதும் பொருந்தாது என்பது அப்போது விளங்கும். நிலாவைச் சுற்றியுள்ள வானம் என்ன நிறம் என்பதையும் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.