தகட்டின் மேல் பழி வேண்டாம்

அன்புவழிபுரத்திலிருந்து கந்தளாய், ஹபரணை தாண்டிக் கொழும்புக்கு ஓடும் வேனில் மிகக் கடினமான வேலை ஹெட் கேஸ்கட்டுக்குத்தான். எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் அந்த மெல்லிய தகடு, 2000 பாகை செல்சியஸைத் தாண்டி எரியும் வாயுவையும் குளிர்நீரையும் எண்ணெயையும் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் காக்கிறது. அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு பிளாக்கைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அந்த இழுபறியையும் தகடுதான் தாங்க வேண்டும். யாரும் பாராட்டாத வேலை.

ஆகவே கேஸ்கட் போனதும் அதையே குறை சொல்வது அநியாயம். பெரும்பாலும் அதற்கு முன்பே ரேடியேட்டரில் நீர் குறைந்திருக்கும், தேர்மோஸ்டாட் இறுகியிருக்கும், அல்லது ஃபேன் நின்றிருக்கும். சூடேறி ஹெட் வளைந்த பிறகுதான் தகடு விட்டுக்கொடுக்கிறது. சில எஞ்சின்களின் வடிவமைப்பே பலவீனம் என்பார்கள். உண்மைதான், ஆனால் அவற்றுக்கும் சூடு பொல்லாத எதிரி. வெறும் தண்ணீர் போதாதா என்றால், கிணற்று நீரின் உப்பு அலுமினியத்தை அரிக்கும், உள்வழிகளில் படியும். கூலன்ட் வீண்செலவு அல்ல. விடாத வெள்ளைப் புகை, பால்தேத்தண்ணி நிறத்தில் எண்ணெய், ரேடியேட்டரில் ஓயாத குமிழி ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஹெட்டின் மட்டத்தை அளக்காமல் புதுத் தகடு போடச் சம்மதிக்காதீர்கள்.