துரோகி எழுதிய திருமறை: 'வார்ஹேமர் 40,000' புனைவுலகில் அணிகளும் அங்கதமும்

இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட மேசைப் போர் விளையாட்டின் புனைவுலகில், மனிதப் பேரரசு, கேயாஸ் என்னும் தீய ஆற்றல்களைச் சார்ந்த துரோகிகளோடு ஓயாது போரிடுகிறது. இவ்விரு அணிகளுக்கும் இடையிலான கோடு உறுதியானதன்று என்பதற்கு லோர்கர் என்னும் பாத்திரமே சான்று. சமயத்தையே தடைசெய்த பேரரசரைக் கடவுளெனப் போற்றி நூல் எழுதியவன் அவன். அதற்காகப் பேரரசராலேயே இழிவுபடுத்தப்பட்டுக் கேயாஸைச் சேர்ந்தான். பத்தாயிரம் ஆண்டுகளுக்குப் பின், அந்நூலின் கொள்கையே பேரரசின் அரச சமயம். அதை மறுப்பது கொலைக்குற்றத்தினும் கொடியது. பேரரசு ஓர் அங்கதப் படைப்பே என நிறுவனம் 2021இல் விளக்கியது. ஆயினும், விதிகளும் வண்ணம் தீட்டிய உருவங்களும் வீரத்தையே முன்னிறுத்துவதால், அவ்வங்கதம் கதையை வாசிப்போர்க்கு எட்டும் அளவுக்கு ஆடுவோர்க்கு எட்டுவதில்லை.