செந்தமிழ் எல்லையும் வழக்கின் ஆணையும்

மொழியிலும் ஒழுக்கத்திலும் ‘இது மரபு, இது வழு’ எனத் துணிந்து கூறுவோர் எதனை அளவுகோலாகக் கொள்கின்றனர்? வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது எனத் தொல்காப்பியனார் மரபியலில் வரையறுத்தார். உலக நடை அவர்வழிப்பட்டது என்பதே அவர் காட்டும் காரணம். ஆயின் அவ்வுயர்ந்தோர் யாவர், எந்நிலத்தவர் என்னும் வினா எஞ்சி நின்றது.

எச்சவியலில் கூறப்படும் செந்தமிழ் நிலத்திற்கு வையையின் வடக்கு, மருதயாற்றின் தெற்கு, கருவூரின் கிழக்கு, மருவூரின் மேற்கு என இளம்பூரணரும் சேனாவரையரும் எல்லை வகுத்தனர். இதனை நிலத்தின்மேல் வைத்து நோக்கின் வியப்பொன்று புலனாகும். வையையின் தென்கரையில் அமைந்த மதுரை, கடைச்சங்கம் இருந்து தமிழாய்ந்ததாகப் போற்றப்படும் நகர், செந்தமிழ் நிலத்திற்குப் புறம்பாகிவிடுகின்றது! தெய்வச்சிலையார் இவ்வெல்லையை மறுத்தார். அதற்கு இலக்கணச் சான்று இல்லை என்பதும், அதனைக் கொள்ளின் காஞ்சி முதலிய பேரூர்களும் தமிழ் திரிந்த நிலமாகும் என்பதும் அவர் தடை. அவர் மறுப்பே வலியுடைத்து என்பது எம் துணிபு. காரணம் காட்டாத எல்லை நெறியாகாது, ஆணையாகவே நிற்கும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். மதுரையைச் சூழ்ந்த சிற்றூர் மக்கள் நாவில் அந்நகர்ப்பெயர் ‘மருதை’ என வழங்குதல் உண்டு. கற்றோர் இதனைக் கொச்சை என்பர். ஆனால் ‘தசை’ ‘சதை’ எனவும், ‘மிஞிறு’ ‘ஞிமிறு’ எனவும், ‘சிவிறி’ ‘விசிறி’ எனவும் எழுத்து நிலைமாறி வருவனவற்றை இலக்கணப்போலி என இலக்கண நூலார் தழுவிக்கொண்டனர். முதற் பராந்தகனைக் கல்வெட்டுக்கள் ‘மதிரை கொண்ட’ கோப்பரகேசரி என்னும். அம் ‘மதிரை’யைக் கொச்சை என இகழ்வார் இலர். ‘மருதை’யில் நிகழ்ந்த திரிபும் ‘சதை’யில் நிகழ்ந்த திரிபும் ஓரினத்தனவே. வேறுபட்டது திரிபு அன்று. அதனை வழங்குவோர்க்கு நாம் தந்த மதிப்பே.

அற்றேல் நெறியே வேண்டா என்பதோ எனின், அன்று. நாடும் காலமும் கடந்து கருத்துப் பரவப் பொதுநடை இன்றியமையாதது. எழுத்தில் ‘மதுரை’ என்றே எழுதுக என மாணவரைத் திருத்துதல் ஆசிரியர் கடன். ஆயின் ‘பொதுநடைக்கு ஒவ்வாதது’ என்பது ஒரு மதிப்பீடு. ‘இழிந்தது’ என்பது முற்றிலும் பிறிதொன்று. முன்னதற்கு இலக்கணம் சான்றாகும். பின்னதற்கு இலக்கணத்தில் இடமில்லை. வழுவை வகுத்த நூலோரே வழுவமைதியும் வகுத்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. உயர்வு கல்வியாலும் ஒழுக்கத்தாலும் வருவதெனக் கொள்ளின், பிறர் நாவினை இகழாமையும் அவ்வுயர்வின் இலக்கணமே ஆதல் வேண்டும்.