எச்சமும் பார்ட்டிசிப்பிளும்: ஒரு பொருந்தாச் சமன்பாடு

தமிழ்ப் பெயரெச்சத்தைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) 'ரிலேட்டிவ் பார்ட்டிசிப்பிள்' என்றார். தமிழறியாத ஐரோப்பியருக்கு அப்பெயர் உதவியது. ஆயின் அதையே தலைகீழாக்கி, ஆங்கிலப் பார்ட்டிசிப்பிள் என்பது நம் எச்சமே எனக் கற்பிக்கும் வழக்கம் மொழிபெயர்ப்பாளரை இடறச் செய்கிறது.

ஆங்கில வடிவம் தன்னளவில் காலம் காட்டுவதில்லை. 'ரிட்டன்' என்பதை இறந்தகாலத்தது என்று பெயரிட்டாலும், 'வில் பி ரிட்டன்' என எதிர்காலத் தொடரிலும் அதுவே நிற்கிறது. பெயரடையாக வருங்கால் அது பெரும்பாலும் உணர்த்துவது செய்வினை, செயப்பாட்டுவினை வேறுபாடே. தமிழில் நிலைமை நேர்மாறானது. எழுதிய, எழுதுகின்ற, எழுதும் எனக் காலம் உருவிலேயே உள்ளது. முடிக்கும் பெயர் செய்தவனா செய்யப்பட்டதா என்பது உருவில் இல்லை. எழுதிய புலவர், எழுதிய நூல், எழுதிய கோல், எழுதிய இடம், எழுதிய நாள் அனைத்திற்கும் ஒரே வடிவம். பெயரெச்சம் கொள்ளும் பெயர்களைத் தொல்காப்பியமும் நன்னூலும் ஆறாக வகுத்தது இதனாலேயே. கோலுக்கும் நாளுக்கும் ஆங்கிலம் வேறு தொடரமைப்பை நாட வேண்டும்.

'பர்சன் நோட்டிஃபைட்' என்பதை 'அறிவித்த நபர்' என்று பெயர்த்தால், அறிவிப்பைப் பெற்றவர் கொடுத்தவராகிவிடுவார். அரசாணையில் இது சிறு பிழையன்று. இவ்வச்சத்தால் எங்கும் 'படு' சேர்ப்போரும் உளர். 'ராமன் எழுதிய நூல்' என எழுவாய் வெளிப்பட நிற்கும்போது 'ராமனால் எழுதப்பட்ட நூல்' எதற்கு?

புனே நிலையத்தில் 'மும்பயிலா ஜாணாரீ காடீ' எனக் கேட்கும் தமிழருக்கு 'மும்பைக்குச் செல்லும் வண்டி' உடனே விளங்கும். 'மீ லிஹிலேலே பத்ர' என்பது சொல்லுக்குச் சொல் 'நான் எழுதிய கடிதம்'. மராத்தி எச்சம் பெயரின் பாலுக்கேற்ப ஈறு மாறும், நம்முடையது மாறாது. அமைப்போ ஒன்றே. இந்தோ-ஆரிய மொழியான மராத்தி இங்கு ஆங்கிலத்தைவிட நமக்கு அணுக்கமானது. மராத்தி நூலை ஆங்கில வழியே தமிழாக்குவோர் நேர்வழியை விட்டுச் சுற்றுவழி செல்கின்றனர் என்பது என் கருத்து.

வினையெச்சத்தில் இடர் இன்னும் மிகுதி. பேருந்து கவிழ்ந்த செய்தியின் இறுதியில் ஆங்கிலம் 'கில்லிங் டென்' என்று சேர்க்கும். அதனை எச்சமாகக் கொண்டு முன்னே வைத்தால் 'பத்துப் பேரைக் கொன்று பேருந்து கவிழ்ந்தது' என்றாகிறது; சாவு முந்தி, விபத்து பிந்துகிறது. 'செய்து' என்னும் வாய்பாடு முன்நிகழ்வைக் காட்டுவது. ஆங்கில வடிவமோ உடன்நிகழ்வையும் விளைவையும் ஏற்கும். உடன்நிகழ்வாயின் 'கொண்டு' வேண்டும். விளைவாயின் அதுவே முற்றாக வேண்டும்: 'பேருந்து கவிழ்ந்து பத்துப் பேர் இறந்தனர்.' இங்கு எழுவாய் இரண்டாயிற்றே எனலாம். 'செய்து' தன் வினைமுதலின் வினையையே கொள்ளும் என்பது தொல்காப்பிய விதி. எனினும் 'மழை பெய்து பயிர் விளைந்தது' போலக் காரண காரியத் தொடர்பு உள்ளவிடத்துத் தமிழ் வழக்கு அதனை ஏற்கிறது. ஆங்கிலப் பள்ளி இலக்கணம் இவ்வாறு எழுவாயோடு ஒட்டாத பார்ட்டிசிப்பிளைக் குற்றமென்று தள்ளும்.